காந்தத்தின் சாய்வு யாருக்குச் சொந்தம்?

டொயோட்டா பிரியஸ் காரின் இரண்டாம் தலைமுறை 2003 செப்டம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் மோட்டாரைப் பிரித்து, சுழலும் பகுதியான ரோட்டரை மட்டும் மேசைமீது நிமிர்த்தி வைத்துப் பார்த்தால், 16 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருளை தெரியும். மெல்லிய எஃகுத் தகடுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கிச் செய்தது அது. விளிம்பை ஒட்டி வெட்டிய துளைகளுக்குள் நடுவிரல் நீளத்தில் தட்டையான காந்தப் பட்டைகள் செருகியிருக்கும். மொத்தம் 16. இரண்டிரண்டாக, ஆங்கில ‘வி’ எழுத்துபோலச் சாய்ந்து, வாயை வெளிப்பக்கம் திறந்தபடி எட்டு ஜோடிகள். 1997-இல் வந்த முதல் பிரியஸில் இந்தச் சாய்வு இல்லை; துருவத்துக்கு ஒரு பட்டை நேராகப் படுத்திருந்தது.

முதல் தலைமுறையின் பிற்பகுதியில் 33 கிலோவாட்டாக இருந்த மோட்டார் திறன், இரண்டாம் தலைமுறையில் 50 கிலோவாட் ஆனது. மின்னழுத்தத்தை 500 வோல்ட்வரை ஏற்றியது ஒரு காரணம். காந்தங்களைச் சாய்த்து வைத்தது இன்னொரு காரணம்.

சாய்வில் அப்படி என்ன இருக்கிறது? வீட்டில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறியைக் கழற்றினால், சுழலும் வெளி ஓட்டின் உட்புறத்தில் காந்தங்கள் வரிசையாக இருப்பதைக் காணலாம். அங்கே காந்தத்தின் இழுப்பு ஒன்றுதான் விசிறியைச் சுழற்றுகிறது. காந்தத்தை இரும்புக்குள் புதைத்துவிட்டால் இன்னொரு விசையும் சேர்ந்துகொள்ளும். வாய்க்கால் வெட்டிய பக்கம் தண்ணீர் பாய்வதுபோல, காந்தப் புலம் எப்போதும் இரும்பின் வழியாகவே போகப் பார்க்கும். புதைத்த காந்தப் பட்டையோ அதற்குக் காற்றிடைவெளியைப் போன்ற தடை. ஒரு திசையில் தடை, மறுதிசையில் தாராள வழி என்றானதும், தாராள வழியைப் புலத்தோடு நேர்படுத்திக்கொள்ள ரோட்டர் தானே திரும்புகிறது. காந்தத்துக்குச் செலவில்லாமல் கிடைக்கும் கூடுதல் திருகுவிசை இது. பட்டையை எவ்வளவு ஆழத்தில், எந்தக் கோணத்தில் வைக்கிறோம் என்பதுதான் அதன் அளவைத் தீர்மானிக்கிறது.

துளையின் நுனிக்கும் ரோட்டரின் விளிம்புக்கும் நடுவே விடப்படும் மெல்லிய எஃகு இழையைப் பாலம் என்பார்கள். இழை தடித்தால் காந்தப் புலம் அதன் வழியே வீணாகக் கசியும். மெலிந்தால் வேகமாகச் சுழலும்போது காந்தத்தின் எடை தாங்காமல் பிய்ந்துவிடும். 2010 பிரியஸின் மோட்டார் நிமிடத்துக்கு 13,500 சுற்றுவரை போனது. அந்த வேகத்தில் பாலத்தின் தடிமனில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு கூடிக் குறைவதும் பெரிய விஷயம்.

இதனால்தான் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அமைப்பை வைத்திருக்கிறது. நிசான் லீஃப் துருவத்துக்கு மூன்று பட்டைகளை முக்கோணமாக அமைத்தது. பிஎம்டபிள்யூ ஐ3 இரண்டு அடுக்குகளில் பட்டைகளைப் புதைத்தது. செவர்லே போல்ட்டில் வி-க்குள் ஒரு வி. ஒவ்வொரு வரைபடத்தின் பின்னாலும் காப்புரிமை விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாக உண்டு. அந்த விண்ணப்பங்களின் மொழியே தனி. இரு பட்டைகளுக்கு இடைப்பட்ட கோணம் இத்தனை டிகிரியிலிருந்து இத்தனை டிகிரிக்குள், பாலத்தின் அகலத்துக்கும் பட்டையின் தடிமனுக்கும் உள்ள விகிதம் இதற்கு மேல் அதற்குக் கீழ் என்று எண்களால் வேலி போட்டிருப்பார்கள். வேலிக்கு உள்ளே யார் வந்தாலும் வழக்கு.

வேலிக்குள் வந்தார்கள் என்று நிரூபிப்பதும் எளிதல்ல. எதிராளியின் வண்டியைக் காசு கொடுத்து வாங்கி, மோட்டாரைப் பிரித்து, ரோட்டரை 300 டிகிரிக்கு மேல் சூடேற்றிக் காந்த சக்தியைப் போக்கி, பிறகு அறுத்து அளக்க வேண்டும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் பிரியஸ் மோட்டார்களை இப்படிப் பிரித்து அளந்து, அறிக்கைகளைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறது. மோட்டார் தொழிலில் இருக்கும் எவரும் படிக்க வேண்டியவை அவை.

தெரிந்த காந்தம், தெரிந்த எஃகு. இடத்தை மட்டும் மாற்றி வைத்தால் அது கண்டுபிடிப்பு ஆகுமா? வழக்குகள் அனைத்தும் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். இந்தியச் சட்டம் இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. 1970 காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவின்படி, ஏற்கெனவே தெரிந்த சாதனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, தெரிந்த வழியிலேயே இயங்கும்படி வெறுமனே அடுக்குவதோ மாற்றி அடுக்குவதோ கண்டுபிடிப்பு ஆகாது. இதில் ‘தனித்தனியாக’ என்ற சொல்தான் உயிர்நாடி. புதைத்த காந்தமும் சுற்றியுள்ள இரும்பும் ஒன்றையொன்று மாற்றுகின்றன. சேர்ந்துதான் விசை தருகின்றன. ஆகவே காந்த அடுக்கு என்பதாலேயே எந்த விண்ணப்பத்தையும் தள்ளிவிட முடியாது. அதேபோல, கோணத்தை இரண்டு டிகிரி திருப்பியதாலேயே எதற்கும் உரிமை கொடுத்துவிடவும் கூடாது.

இந்த எல்லைக்கோட்டை நம் உச்ச நீதிமன்றம் ஒரு பாத்திரப் பட்டறையை வைத்து வரைந்தது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் உலோகப் பாத்திரங்களை லேத்தில் பிடித்துக் கடையும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். சுழலும் பாத்திரத்தை எதிர்முனையிலிருந்து அழுத்திப் பிடிக்கும் பகுதியில் செய்த மாற்றம் அது. வேலை வேகமாக நடக்கும், ஆபத்து குறையும், பாத்திரம் நன்றாக வரும் என்றார்கள். 1978 டிசம்பரில் பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் காப்புரிமையை ஏற்கவில்லை. தேர்ந்த தொழிலாளி தன் பட்டறையில் இயல்பாகச் செய்துகொள்ளும் மேம்பாட்டுக்கு மேல் ஏதாவது இருந்தால்தான் அது கண்டுபிடிப்பு என்றது தீர்ப்பு. இன்றுவரை இந்தியக் காப்புரிமை வழக்குகளில் மேற்கோளாகும் தீர்ப்பு அது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2007-இல் கேஎஸ்ஆர்–டெலிஃப்ளெக்ஸ் வழக்கில் ஏறத்தாழ அதே இடத்துக்குத்தான் வந்தது. கார் ஆக்சிலரேட்டர் மிதியில் மின்னணு உணரியை எந்த இடத்தில் பொருத்துவது என்பது பிரச்சினை. தெரிந்த பாகத்தைத் தெரிந்த பலனுக்காக, யாருக்கும் தோன்றக்கூடிய இடத்தில் வைத்ததற்குக் காப்புரிமை இல்லை என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

மிர்சாபூர் தீர்ப்பின் அளவுகோல் சரியானது. அதை மோட்டார் ரோட்டருக்கும் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். கணினியில் கோணத்தை ஒவ்வொரு டிகிரியாக மாற்றிப் பார்த்து உச்சப் புள்ளியைக் கண்டறிவது இன்று எந்த மோட்டார் வடிவமைப்பாளரும் செய்யும் அன்றாட வேலை. எதிர்பாராத பலன் ஒன்று கிடைத்தது, அது ஏன் கிடைத்தது என்று காட்டினால் 20 ஆண்டு உரிமை கொடுக்கலாம். வெறும் எண் வேலிக்கு அது தகாது.

ரோட்டர் காந்தம் தொடர்பான சண்டைகள் மின்சார காருக்கு முன்பே தொடங்கிவிட்டன. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் சாங்க்ட் ஜார்ஜன் என்ற சிற்றூர். அங்கே பாப்ஸ்ட் குடும்பம் வெளிப்புறம் சுழலும் மோட்டார்களைச் செய்துவந்தது. கணினி வன்தட்டுகளைச் சுழற்றும் குடத்துக்குள்ளேயே மோட்டாரை அடக்கி, காந்த வளையத்தைக் குடத்தின் உட்சுவரில் பதித்து, அதன் புலம் தட்டில் உள்ள தகவலை அழித்துவிடாதபடி எஃகைக் கவசமாக்கும் அமைப்பு அவர்களுடையது. 1990-களின் தொடக்கத்தில் மோட்டார் தொழில் கைமாறியது. வன்தட்டுக் காப்புரிமைகள் குடும்பத்திடமே தங்கின. அவற்றை வைத்து வன்தட்டு நிறுவனங்கள்மீதும் மோட்டார் நிறுவனங்கள்மீதும் தொடர்ந்த வழக்குகள் பெருகி, அமெரிக்காவில் பலவற்றை ஒன்றுசேர்த்து லூசியானாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டியதாயிற்று. மோட்டாருக்கு ஏற்கெனவே உரிமத் தொகை கட்டிய பிறகு, அதே மோட்டார் பொருத்திய வன்தட்டுக்கும் தனியாகக் கட்ட வேண்டுமா என்று ஜப்பானின் மினெபியா நிறுவனம் பல ஆண்டுகள் வழக்காடியது.

ஹைபிரிட் கார்கள் பெருகியதும் களம் டொயோட்டாவுக்கு மாறியது. படகுகளுக்கு மின்மோட்டார் செய்த சாலமன் டெக்னாலஜிஸ் என்ற சிறிய ஃபுளோரிடா நிறுவனம், மோட்டாரையும் பல்சக்கரத் தொகுதியையும் ஒன்றாக இணைக்கும் தன் காப்புரிமையை பிரியஸ் மீறுகிறது என்று 2006-இல் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்திடம் முறையிட்டது. ‘ஒன்றாக இணைந்தது’ என்றால் எப்படி இணைந்தது என்ற சொற்பொருளில் வழக்கு தோற்றது. 2008-இல் மேல்முறையீட்டிலும் அப்படியே. பெய்ஸ் என்ற இன்னொரு சிறு நிறுவனத்துக்கு வேறு முடிவு கிடைத்தது. எஞ்சினையும் மோட்டாரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் அதன் காப்புரிமையை டொயோட்டா மீறியதாக டெக்சாஸ் ஜூரி 2005-இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் கார் விற்பனையை நிறுத்த நீதிமன்றம் மறுத்தது. வண்டிக்கு 25 டாலர் என்று முதலில் விதித்து, மறுவிசாரணையில் 98 டாலராக உயர்த்தியது. 2010-இல் இரு தரப்பும் சமரசமாகின. வழக்கு முடியும்வரை கார்கள் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

சப்ளையர் தன் வாடிக்கையாளரையே நீதிமன்றத்துக்கு இழுத்த நாள் 2021 அக்டோபர் 14. மோட்டார் தகடுகளுக்கான மின்காந்த எஃகைப் பற்றிய தன் காப்புரிமையை மீறிவிட்டதாகச் சீனாவின் பாவோஸ்டீல்மீதும், அந்த எஃகை வாங்கியதாக டொயோட்டாமீதும் நிப்பான் ஸ்டீல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு போட்டது. இருவரிடமும் தலா 2,000 கோடி யென் இழப்பீடு கேட்டதோடு, அந்த எஃகு உள்ள மின்வாகனங்களை டொயோட்டா ஜப்பானில் தயாரித்து விற்கவும் தடை கோரியது. பல்லாண்டு உறவில் இருந்த இரு ஜப்பானிய நிறுவனங்கள் இப்படி மோதியது தொழிலுலகையே திகைக்கவைத்தது. 2023 நவம்பரில் டொயோட்டாமீதான கோரிக்கையை நிப்பான் ஸ்டீல் விலக்கிக்கொண்டது. பாவோஸ்டீல்மீதான வழக்கை விடவில்லை. வாங்கிப் பொருத்துகிறவனும் காப்புரிமையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது இந்த வழக்கில் எல்லோருக்கும் புரிந்தது.

எஃகுக்கே இப்படி என்றால் காந்தத்தின் கதை இன்னும் நீளம். மசாட்டோ சகாவா ஜப்பானில் ஃபுஜிட்சு நிறுவனத்தில் வேலைபார்த்தபோது 1978-இல் ஒரு கருத்தரங்கில், அரிய மண் உலோகத்தோடு இரும்பைச் சேர்த்து நல்ல காந்தம் ஏன் செய்ய முடியவில்லை என்ற விளக்கத்தைக் கேட்டார். இரும்பு அணுக்கள் மிக நெருக்கமாக இருப்பதுதான் காரணம் என்றார்கள். போரான் போன்ற சிறிய அணுவை இடையில் நுழைத்தால் விலகுமே என்று அவருக்குத் தோன்றியது. அந்த யோசனையோடு ஃபுஜிட்சுவிலிருந்து விலகி, 1982-இல் சுமிட்டோமோ ஸ்பெஷல் மெட்டல்ஸில் சேர்ந்து நியோடிமியம் காந்தத்தை உருவாக்கினார். அதே காலத்தில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் குரோட் வேறு வழியில் அதே பொருளை எட்டியிருந்தார். 1983-இல் பிட்ஸ்பர்க் மாநாட்டில் இரு தரப்பும் தங்கள் முடிவுகளை வெளியிட்டன. காப்புரிமைக்காக இரு நிறுவனங்களும் மோதாமல் உடன்பாடு செய்துகொண்டன. பின்னாளில் வந்தவர்களுக்கு அந்த நயம் வாய்க்கவில்லை. இன்னொரு அமெரிக்கக் காப்புரிமைக்காரரான குரூசிபிள் நிறுவனத்தின் புகாரில், சீனாவின் சான் ஹுவான் அமெரிக்க ஆணையத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை மீறியதாக 1997-இல் 15.5 லட்சம் டாலர் அபராதத்துக்கு உள்ளானது. சுமிட்டோமோவின் வழியில் வந்த ஹிட்டாச்சி மெட்டல்ஸ் 2012-இல் 29 நிறுவனங்கள்மீது ஒரே மூச்சில் புகார் கொடுத்தது. உரிமம் கிடைக்காத சீன நிறுவனங்கள் நிங்போ நகர நீதிமன்றத்தில் எதிர்வழக்கு தொடர்ந்து 2021-இல் வென்றன. 2023 டிசம்பரில் சீன உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது.

சகாவா செய்தது உண்மையான கண்டுபிடிப்பு. அத்தகையவருக்கு 20 ஆண்டு உரிமை என்பது குறைந்தபட்ச மரியாதை. அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை.

இந்தப் பழைய கதைகள் நமக்கு ஏன் அவசரம் என்றால், 2025 ஏப்ரல் 4 அன்று ஏழு வகை அரிய மண் உலோகங்களுக்கும் அவற்றால் ஆன காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. அதன் அடி இந்திய மின்ஸ்கூட்டர் உற்பத்திவரை வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாயில் காந்த உற்பத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு 6,000 டன் இலக்கு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டை வைத்துக் காந்தப் பேச்சு தமிழ்நாட்டிலும் சூடுபிடித்தது. மணலைப் பற்றிப் பேசுகிறோம், உலோகத்தைப் பற்றிப் பேசுகிறோம். அந்தக் காந்தம் எந்த வரைபடத்தின்படி எஃகுக்குள் போய் அமரும், அந்த வரைபடம் யாருடையது என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. அமைப்பை மாற்றினால் காந்தத்தின் தேவையே மாறிவிடும். வெப்பம் தாங்குவதற்காகச் சேர்க்கும் டிஸ்புரோசியம் போன்ற கன உலோகங்களே இல்லாத காந்தத்தை 2016-இல் டைடோ ஸ்டீலுடன் சேர்ந்து ஃப்ரீட் ஹைபிரிட் காருக்குக் கொண்டுவந்த ஹோண்டா, அதற்கேற்ப ரோட்டரின் வடிவத்தையும் திருத்தியது. தட்டுப்பாட்டுக்கு ஒரு பாதி மருந்து சுரங்கத்தில் இருக்கிறது என்றால், மறுபாதி வரைபலகையில் இருக்கிறது.

வரைபலகையை அலட்சியப்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டைத் தேடிப் போக வேண்டாம். சிறிய பெட்ரோல் எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் அமைப்புக்காக பஜாஜும் டிவிஎஸும் 2007-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மோதின. 2008 பிப்ரவரியில் டிவிஎஸ் ஃபிளேம் வண்டிக்குத் தடை. 2009 மே மாதம் தடை நீக்கம். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விற்பனையை அனுமதித்து, இத்தகைய வழக்குகளை நாள்தோறும் விசாரித்து விரைவாக முடிக்கச் சொன்னது. இரு நிறுவனங்களும் சமரசமானது 2019-இல். 12 ஆண்டுகள்! பெரிய நிறுவனங்கள் தாங்கும். கோவையில் 40 பேரை வைத்து மோட்டார் செய்கிறவர் முதல் தடை உத்தரவிலேயே கடையைச் சாத்த வேண்டியிருக்கும்.

கோவையும் ஓசூரும் இதில் பயந்து ஒதுங்க வேண்டிய அவசியம் இல்லை. காப்புரிமையின் ஆயுள் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள். 2003-இல் சாலைக்கு வந்த பிரியஸ் ரோட்டரைக் காத்த காப்புரிமைகளில் பெரும்பாலானவை இந்நேரம் காலாவதியாகியிருக்கும். அந்த வி வடிவத்தை இன்று யார் வேண்டுமானாலும் வெட்டலாம். பின்னால் வந்த திருத்தங்களுக்குத்தான் இன்னும் உரிமை உண்டு. எது பழையது, எது திருத்தம் என்பதைத் தேடிப் படித்துப் பிரித்தறிய வேண்டும். 2019 ஏப்ரலில் டொயோட்டா தன் மின்வாகனத் தொழில்நுட்பம் சார்ந்த சுமார் 23,740 காப்புரிமைகளை 2030 இறுதிவரை கட்டணமின்றிப் பயன்படுத்த அனுமதிப்பதாக அறிவித்தது. கேட்டு ஒப்பந்தம் செய்துகொண்டால் போதும். மோட்டார் காப்புரிமைகளும் அதில் அடக்கம்.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் உள்ளன. ஒரு விண்ணப்பம் வெளியான பிறகு, உரிமை வழங்கப்படும் முன், அதை எதிர்த்து மனு கொடுக்க இந்தியச் சட்டத்தின் 25(1) பிரிவு யாருக்கும் இடம் தருகிறது. வழங்கிய பிறகும் ஓராண்டுக்குள் சம்பந்தப்பட்டவர் எதிர்க்கலாம். இதற்குத் தேவை ஆதாரம்: அந்த அமைப்பு முன்பே வெளியே தெரிந்திருந்தது என்பதற்கான தேதியிட்ட, பிரசுரமான சான்று. கோவைப் பட்டறைகளில் பம்பு மோட்டாருக்கு எத்தனையோ ரோட்டர் அமைப்புகளை முயன்று பார்த்திருப்பார்கள். தாளில் பென்சிலால் போட்ட படமாகவும், டை அடித்தவரின் நினைவாகவும் மட்டுமே அவை இருந்தால் எதிர்ப்பு மனுவில் செல்லாது. பொறியியல் கல்லூரிகள் சந்தைக்கு வரும் ஒவ்வொரு மின்ஸ்கூட்டர் மோட்டாரையும் ஓக் ரிட்ஜ் செய்ததுபோல வயர்-கட் இயந்திரத்தில் அறுத்து அளந்து, அளவுகளை வெளியிட வேண்டும். காப்புரிமை கேட்க விரும்பாத தொழில்முனைவோர் தங்கள் வடிவமைப்பைத் தேதியோடு ஒரு தொழில்நுட்ப இதழில் அச்சேற்றிவிட்டால், பிறகு அதே வடிவத்தை இன்னொருவர் தனதென்று வேலி போட முடியாது. கொடிசியா போன்ற தொழில் அமைப்புகள் இரண்டு பொறியாளர்களையும் ஒரு காப்புரிமை முகவரையும் பொதுவில் அமர்த்தி, மோட்டார் விண்ணப்பங்களை மட்டும் வாராவாரம் படிக்கச் சொல்லலாம். சிறு உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய முடியாத வேலை அது.

படிப்பதற்குச் செலவும் இல்லை. சென்னை கிண்டி உட்பட நாட்டின் நான்கு காப்புரிமை அலுவலகங்களுக்கும் வரும் விண்ணப்பங்கள் பிரசுரமாகும் காப்புரிமை அலுவலக இதழ், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இணையத்தில் இலவசமாக வெளியாகிறது.